ஒரே சொல்லில் நான்கு பொருள்: பல்கலைக்கழகங்களின் 'அங்கீகார' விளம்பரங்களைச் சரிபார்ப்பது யார்?

புது டெல்லி: டெல்லி செங்கோட்டை அருகே 2025 நவம்பர் 10-ஆம் தேதி நிகழ்ந்த கார் குண்டுவெடிப்பு தொடர்பான விசாரணை, ஹரியாணா மாநிலம் ஃபரிதாபாத்தில் உள்ள அல் ஃபலா பல்கலைக்கழகம் வரை நீண்டது. அங்கு பணியாற்றிய மருத்துவர்கள் சிலர் விசாரணை வளையத்துக்குள் வந்தனர். அடுத்த சில நாள்களில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மற்றொரு திசையிலிருந்து ஒரு நோட்டீஸ் சென்றது. அதை அனுப்பியது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவான 'நாக்'. அதற்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதே அதன் பொருள்.

தனது பொறியியல் கல்லூரியும் கல்வியியல் கல்லூரியும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் பெற்றவை என்று அந்த இணையதளம் கூறியது. பொறியியல் கல்லூரிக்கு 2013-இல் கிடைத்த தரச்சான்று 2018-இலும், கல்வியியல் கல்லூரிக்கு 2011-இல் கிடைத்தது 2016-இலும் காலாவதியாகிவிட்டன. பல்கலைக்கழகம் என்ற முறையில் அது தரச்சான்று பெறவும் இல்லை, அதற்கு முன்வரவும் இல்லை என்று நாக் தனது நோட்டீஸில் குறிப்பிட்டது. மாணவர்களையும் பெற்றோரையும் தவறாக வழிநடத்தும் செயல் என்றும் விளக்கம் கேட்டது.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளைத்தான். காலாவதியான ஒரு தரம் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுவெளியில் இருந்திருக்கிறது. இரகசிய ஆவணத்தில் அல்ல, எவரும் திறந்து பார்க்கக்கூடிய இணையப் பக்கத்தில். அதைக் கண்டுபிடிக்க மோப்ப நாய்களோ தடயவியல் நிபுணர்களோ தேவைப்படவில்லை. நாக் அமைப்பு தன்னிடம் இருந்த பட்டியலுடன் ஒப்பிட்டிருந்தாலே போதும். காவல் துறை வேறு காரணத்துக்காக வாசலில் வந்து நின்ற பிறகே அந்த ஒப்பீடு நடந்தது. குண்டு வெடிக்காத ஊர்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் இணையதளங்களை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலச் செய்திக் குறிப்புகளைத் தமிழாக்கும் மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் நன்கு தெரியும். கல்வி நிறுவனங்களின் அறிக்கைகளில் நான்கு ஆங்கிலச் சொற்கள் மாறிமாறி வரும்: ரெகக்னைஸ்டு, அப்ரூவ்டு, அஃபிலியேட்டட், அக்ரெடிடெட். நான்கும் வெவ்வேறு பொருள் உடையவை. தமிழ் விளம்பரங்களிலும், பல நேரங்களில் தமிழ்ச் செய்திகளிலும், நான்குக்கும் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்தான் கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் நிலத்தை அடகு வைக்கிறது.

முதலாவது, பட்டம் வழங்கும் சட்ட உரிமை தொடர்பானது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட பல்கலைக்கழகம், அல்லது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பரிந்துரையில் மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கே அந்த உரிமை உண்டு. இரண்டாவது, பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம் போன்ற குறிப்பிட்ட படிப்பை நடத்துவதற்கு அந்தந்தத் துறையின் ஒழுங்காற்று அமைப்பு தரும் அனுமதி; இது படிப்புக்குப் படிப்பு வேறுபடும், இடங்களின் எண்ணிக்கையையும் வரையறுக்கும். மூன்றாவது, ஒரு கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்துடன் இணைந்திருப்பது. நான்காவது, தர மதிப்பீடு. இதை நிறுவனம் முழுமைக்கும் நாக் தருகிறது. தொழிற்படிப்புகளில் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக என்பிஏ தருகிறது. நாக் தரச்சான்றுக்குக் காலவரம்பு உண்டு, வழக்கமாக ஐந்து ஆண்டுகள்.

ஆகவே, 'யுஜிசி அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு தனியார் பல்கலைக்கழகம் சொல்வது முழு உண்மையாகவும் இருக்கலாம், அதே வேளையில் கேட்பவர் எண்ணிக்கொள்ளும் பொருளில் பொய்யாகவும் இருக்கலாம். மாநிலச் சட்டம் ஒன்றின் மூலம் தனியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டால், யுஜிசி சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்கீழ் அதன் பெயர் பட்டியலில் இடம்பெறும். அது பட்டம் வழங்கலாம் என்பதற்கு மேல் அந்தப் பட்டியல் எதையும் உறுதி செய்வதில்லை. அங்கு ஆசிரியர்கள் போதிய அளவில் இருக்கிறார்களா, நூலகத்தில் நூல்கள் உள்ளனவா என்பதற்கு அது சான்றிதழ் அன்று. பெற்றோரோ, அரசே நேரில் பார்த்து முத்திரை குத்திவிட்டது என்று புரிந்துகொள்கிறார்கள். விளம்பரம் எழுதுபவருக்கும் அது தெரியும்.

ஆயிரம் ரூபாய் அபராதம்

முற்றிலும் போலியானவை ஒருபுறம் உள்ளன. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி அவ்வப்போது வெளியிடுகிறது. அண்மைப் பட்டியல்களில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றில் பல இயங்குவது தொலைதூரக் குக்கிராமங்களில் அல்ல, நாட்டின் தலைநகரில். யுஜிசியின் தலைமை அலுவலகம் இருக்கும் அதே டெல்லியில். புதுச்சேரி முகவரியும் பட்டியலில் இடம்பெற்றதுண்டு. பெயர்களைப் பார்த்தாலே உத்தி விளங்கும். 'இந்தியன் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' என்பது அவற்றுள் ஒன்று. புகழ்பெற்ற அரசு நிறுவனங்களின் பெயர்களோடு காதுக்கு அத்தனை நெருக்கம். 'யுனைடெட் நேஷன்ஸ் யுனிவர்சிட்டி' என்ற பெயரில், அதுவும் டெல்லியில், ஒன்று பட்டியலில் உள்ளது.

இவற்றின்மீது ஏன் நடவடிக்கை இல்லை என்று ஒவ்வொரு பட்டியல் வெளியாகும்போதும் கேள்வி எழுகிறது. ஒரு பகுதி விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டத்தில், உரிமையின்றிப் பட்டம் வழங்குவதை 22-ஆவது பிரிவும், 'பல்கலைக்கழகம்' என்ற பெயரை உரிமையின்றிப் பயன்படுத்துவதை 23-ஆவது பிரிவும் தடை செய்கின்றன. மீறினால் தண்டனை என்ன என்பதை 24-ஆவது பிரிவு சொல்கிறது: ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1956-இல் அது கணிசமான தொகையாக இருந்திருக்கும். இன்று பல நிறுவனங்களில் விண்ணப்பக் கட்டணமே அதைத் தாண்டுகிறது.

போலிகளைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு. நிறுவனம் உண்மையில் இருக்கும். கட்டடம், ஆசிரியர், வகுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அது தருவதாகச் சொல்லும் பட்டத்தைத் தரும் உரிமை இருக்காது. திட்டமிடல் மற்றும் மேலாண்மைக்கான இந்திய நிறுவனமான ஐஐபிஎம் இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஐஐஎம்களைக் கடந்து சிந்திக்கத் துணியுமாறு மாணவர்களை அழைத்த அதன் முழுப்பக்க விளம்பரங்கள் 2000-களில் நாளிதழ்களை நிறைத்தன. அது பல்கலைக்கழகம் அல்ல, பட்டம் வழங்க உரிமையற்றது என்று யுஜிசி 2012-இல் பொது அறிவிப்பு வெளியிட்டது. 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்றம் ஒன்றின் உத்தரவின் பேரில், ஐஐபிஎம்மை விமர்சித்த 70-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. அவற்றுள் யுஜிசியின் அந்த அறிவிப்புப் பக்கமும் அடக்கம். மாணவர்களை எச்சரிக்க வேண்டிய அரசு அமைப்பின் எச்சரிக்கையே அவர்கள் கண்ணில் படாமல் போனது. 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் எம்பிஏ, பிபிஏ போன்ற சொற்களை அந்த நிறுவனம் பயன்படுத்தத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே பெரும்பாலான வளாகங்கள் மூடப்பட்டன. ஒரு தலைமுறை மாணவர்கள் கட்டணம் செலுத்திப் படித்து முடித்த பிறகு வந்த தீர்ப்பு அது.

தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் வழங்கிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கதையும் அப்படியே. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ராஜஸ்தானில் இரண்டும் உத்தரப் பிரதேசத்தில் ஒன்றும் தமிழ்நாட்டில் ஒன்றுமாக நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இன்றி அத்தகைய பட்டங்களை வழங்கியதாகக் கூறியது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பட்டயப் படிப்பு முடித்து வேலையில் இருந்துகொண்டே, பதவி உயர்வுக்காகப் படித்தவர்கள் அவர்களில் பலர். வழக்கின் தொடக்கமே ஒடிசாவில் பாசனத் துறைப் பொறியாளர்களின் பதவி உயர்வுச் சிக்கல்தான்.

அதே தீர்ப்பில் மற்றொரு உத்தரவும் இருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லை மட்டும் தனித்துப் பயன்படுத்துவதை ஒரு மாதத்துக்குள் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் யுஜிசிக்கு அறிவுறுத்தியது. அடுத்த வாரமே 123 நிறுவனங்களுக்குக் கடிதம் பறந்தது. பெயர்ப் பலகைகளில் அடைப்புக்குறிக்குள் 'நிகர்நிலை' என்ற சொல் முளைத்தது அதன் பிறகுதான். சில பலகைகளில் அந்தச் சொல்லைப் படிக்க இன்றும் பூதக்கண்ணாடி வேண்டும்.

தரம் தருபவர் யார்?

உரிமை உள்ள, ஒழுங்கான நிறுவனம் என்று உறுதியான பின் மாணவர் அடுத்துப் பார்ப்பது தரத்தை. இங்கே நாக் தரமும் என்ஐஆர்எஃப் எனப்படும் தேசியத் தரவரிசையும் முன்னிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு: மதிப்பிடப்படும் நிறுவனமே தன்னைப் பற்றிய தரவுகளைத் தருகிறது.

நாக் முறையில் நிறுவனம் முதலில் சுய மதிப்பீட்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கும், தரவுகள் சரிபார்க்கப்படும், பின்னர் வல்லுநர் குழு நேரில் வரும். அந்த நேர்வருகையே விலைபேசப்பட்டதாக 2025 பிப்ரவரியில் வழக்குப் பதிவானது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள கே.எல். கல்வி அறக்கட்டளைக்கு 'ஏ பிளஸ் பிளஸ்' தரம் பெறுவதற்காக லஞ்சம் கைமாறியதாகக் கூறி, ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள், நிறுவன நிர்வாகிகள் என 10 பேரை மத்திய புலனாய்வுத் துறை கைது செய்தது. 37 லட்சம் ரூபாய் ரொக்கம், ஆறு மடிக்கணினிகள், ஒரு விலையுயர்ந்த கைப்பேசி ஆகியவற்றைப் பறிமுதல் செய்ததாக அது அறிவித்தது. அந்த நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குத் தரச்சான்று கோர நாக் தடை விதித்தது. குற்றச்சாட்டுகளை நீதிமன்றமே முடிவு செய்யும். ஆயினும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2023 மார்ச்சில், நாக் செயற்குழுவின் அப்போதைய தலைவர் பூஷண் பட்வர்தன் தரமளிப்பில் முறைகேடுகள் நடப்பதாகக் கவலை தெரிவித்துப் பதவி விலகியதை மறந்துவிட முடியாது.

என்ஐஆர்எஃப் 2015-இல் அறிவிக்கப்பட்டு, முதல் பட்டியல் 2016-இல் வெளியானது. நிறுவனங்கள் தாமே அளிக்கும் தரவுகள் போதிய தணிக்கையின்றி ஏற்கப்படுகின்றன என்று கூறித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டின் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் தடை நீங்கி, செப்டம்பர் 4-ஆம் தேதி பட்டியல் வெளியானது. ஒட்டுமொத்தப் பிரிவில் ஐஐடி மெட்ராஸ் தொடர்ந்து ஏழாவது ஆண்டாக முதலிடம் பிடித்தது என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. தரவுகளை யார் சரிபார்க்கிறார்கள் என்ற வழக்கின் கேள்வி அந்தக் கொண்டாட்டத்தில் பின்னுக்குப் போனது.

சுய அறிவிப்பை நம்பினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் அளித்த ஆசிரியர் விவரங்களை அறப்போர் இயக்கம் ஒப்பிட்டுப் பார்த்து, 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருப்பதாக 2024 ஜூலையில் குற்றம் சாட்டியது. 224 கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆசிரியர்-மாணவர் விகிதம் சிறப்பாக இருப்பதாக விளம்பரத்தில் படிக்கும் மாணவர், அந்த விகிதத்தில் பாதி பேர் காகிதத்தில் மட்டும் பணியாற்றக்கூடும் என்று எப்படி ஊகிப்பார்?

நூறு சதவீதம் என்பது எதன் நூறு?

மாணவரும் பெற்றோரும் உண்மையில் கேட்பது ஒரே கேள்விதான்: படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? விளம்பரங்களின் மையமும் அதுவே. இங்கே பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. கணக்கைத் தமக்கு ஏற்றபடி தொடங்குகிறார்கள்.

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 600 பேர் இறுதியாண்டு முடிக்கிறார்கள். வளாக நேர்காணலில் பங்கேற்கக் குறைந்தபட்ச மதிப்பெண் உள்ளிட்ட நிபந்தனைகளைக் கல்லூரி விதிக்கிறது. 350 பேர் பதிவு செய்கிறார்கள். நிறுவனங்கள் மொத்தம் 300 பணி வாய்ப்புகளைத் தருகின்றன. சிலருக்கு இரண்டு, மூன்று வாய்ப்புகள் கிடைத்ததால், வேலை பெற்றவர்கள் 240 பேர். இப்போது கல்லூரி '86 சதவீத வேலைவாய்ப்பு' என்று அறிவிக்கலாம், 350-இல் 300. முழு வகுப்பையும் எடுத்துக்கொண்டால் உண்மை நிலை 40 சதவீதம், 600-இல் 240. இரண்டு எண்களும் ஒரே பதிவேட்டிலிருந்து வந்தவை. எந்த எண்ணைப் பேருந்தின் பின்புறம் ஒட்டுவது என்பதில் மட்டுமே தேர்வு இருக்கிறது.

ஊதியத்திலும் அப்படியே. பத்து பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாயும், ஒருவருக்கு 64 லட்சம் ரூபாயும் கிடைத்தால் சராசரி 10 லட்சம். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 4 லட்சம் என்பார். அந்த நடு எண்ணை, அதாவது இடைநிலை ஊதியத்தை, விளம்பரங்கள் அரிதாகவே சொல்கின்றன. 64 லட்சம் பெற்றவரின் புகைப்படம் மட்டும் ஆளுயரத்தில் நிற்கும். அந்த 64 லட்சமும் கையில் வரும் சம்பளம் அன்று. பணியில் சேரும்போது ஒருமுறை தரும் தொகை, பல ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் பங்குகள், காப்பீடு, பணிக்கொடை எல்லாம் சேர்ந்த 'சிடிசி'. வெளிநாட்டு வேலை என்றால் டாலரை ரூபாயாக மாற்றி எழுதினால் போதும், தொகை பன்மடங்கு பெருகித் தெரியும். அந்த ஊரின் வீட்டு வாடகை விளம்பரத்தில் வராது.

இதை நேர்மையாகச் செய்ய முடியாது என்பதில்லை. அகமதாபாத் ஐஐஎம் உள்ளிட்ட சில மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள், இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைத் தரநிலை என்ற பொது வடிவத்தைப் பின்பற்றி, வெளித் தணிக்கையாளர் சரிபார்த்த பின் அறிக்கை வெளியிடுகின்றன. மொத்த மாணவர் எத்தனை, வேலை தேடியவர் எத்தனை, தேடாதவர் ஏன் தேடவில்லை என்பன அதில் தனித்தனியே இருக்கும். நிரந்தர ஊதியம், ஒருமுறைத் தொகை என்று ஊதியமும் பிரிக்கப்பட்டிருக்கும். அந்த முறை நாட்டின் மிகச் சில நிறுவனங்களோடு நின்றுபோனது தற்செயல் அன்று. தணிக்கைக்கு உட்படுத்தினால் மதிப்புக் கூடும் நிலையில் இருப்பவர்கள்தான் அதைத் தாமாக ஏற்பார்கள்.

மற்ற நிறுவனங்களைப் பொறுத்தவரை மாணவர் தாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஆச்சரியமாக, அதிகம் பேர் செய்வதில்லை. என்ஐஆர்எஃப் தரவரிசையில் இடம்பெற்ற நிறுவனங்கள் அளித்த தரவுகள் அதன் இணையதளத்திலேயே கோப்புகளாக உள்ளன. குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள், இடைநிலை ஊதியம் என்ன என்பவை அதில் வரிசையாக இருக்கும். அவையும் நிறுவனம் தந்த எண்களே. எனினும் மாணவரிடம் சொல்லும் எண்ணும் அரசிடம் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வேறுபட்டால், சேர்க்கை அலுவலகத்தில் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

பயிற்சி மையத்துக்கு ஒரு நீதி

போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள்மீது அண்மைக் காலத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடுமை காட்டியது. குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படங்களை விளம்பரத்தில் போட்ட மையங்கள், அவர்களில் பலர் தங்களிடம் மாதிரி நேர்காணலுக்கு மட்டுமே வந்தவர்கள் என்பதை மறைத்தன. ஆணையம் 45 நோட்டீஸ்கள் அனுப்பி, 18 நிறுவனங்களுக்கு மொத்தம் 54.60 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததாக 2024 நவம்பர் வாக்கில் அரசு தெரிவித்தது. அதே மாதம் 13-ஆம் தேதி தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. வெற்றியாளரின் படத்தோடு அவர் எந்தப் படிப்பில் எவ்வளவு காலம் பயின்றார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு அத்தகைய தனி நெறிமுறை ஆணையத்திடமிருந்து வரவில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி வகுத்த விதிகள் உள்ளன; தரவரிசையைக் குறிப்பிட்டால் வழங்கிய அமைப்பையும் தேதியையும் சொல்ல வேண்டும், வேலைவாய்ப்பு வாக்குறுதிக்கு ஆதாரம் வேண்டும் என்றெல்லாம் அவை கூறுகின்றன. ஆனால் ஆஸ்கி விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்ட அமைப்பு. விளம்பரத்தைத் திருத்தவோ விலக்கவோ கோரலாம், அபராதம் விதிக்க முடியாது.

சட்டச் சிக்கலும் உண்டு. கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தின் பொருளில் 'சேவை'யா? உச்ச நீதிமன்றம் 2009-இல் பாட்னாவின் பௌத்த மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. 1993-இல் வெளியான விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள். மகத பல்கலைக்கழக இணைவும் பல் மருத்துவக் கவுன்சிலின் ஒப்புதலும் கல்லூரிக்கு இல்லை என்பது பின்னரே தெரிந்தது. தவறான விளம்பரத்துக்குக் கல்லூரி பொறுப்பு என்று கூறிய நீதிமன்றம், கட்டணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை உறுதி செய்தது. தீர்ப்பு வர விளம்பரத்திலிருந்து பதினாறு ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டே, 2010-இல், மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் மாணவர் நுகர்வோர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2012-இல் கேரள வழக்கு ஒன்றில் கல்வி விற்பனைப் பொருள் அன்று என்றது. இவற்றைப் பின்பற்றி, கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வாரா என்று தேசிய நுகர்வோர் ஆணையத்தின் கூடுதல் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் விசாரணைக்கு ஏற்றது. கல்வி விற்பனைப் பொருள் அன்று என்ற உயர்ந்த கருத்து, கல்வியை விற்பனைப் பொருளாகவே விளம்பரம் செய்பவர்களுக்குக் கேடயமாகிவிட்டது என்பதுதான் இதில் உள்ள முரண்.

குறைதீர்ப்பாளர் இல்லாத குறை

யுஜிசியிடம் வழி இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன் தகவல் கையேட்டை நிறுவனம் வெளியிட வேண்டும். அதில் பொய்யான, தவறாக வழிநடத்தும் தகவல் இருந்தால் அதுவே புகாருக்குரிய குறை. முதலில் நிறுவனத்தின் குழுவிடமும், பின்னர் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடமும் மாணவர் முறையிடலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்புக்கு உரியவர்.

விதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில், குறைதீர்ப்பாளரையே நியமிக்காத 400-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி வெளியிட்டது. ஜூன் மாதம் அது 157 ஆகக் குறைந்தது. அதில் 108 மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள், 47 தனியார் பல்கலைக்கழகங்கள், இரண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். தனியார்தான் குற்றவாளி என்று எளிதில் முடிவுகட்டுபவர்கள் இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நல்லது.

2024 ஜூனிலேயே சுய வெளிப்படுத்துதல் வழிகாட்டுதலையும் யுஜிசி வெளியிட்டது. கட்டணம், ஆசிரியர், ஒப்புதல்கள், நிதிநிலை உள்ளிட்டவற்றை முகப்புப் பக்கத்திலிருந்தே அணுகும்படி வைக்க வேண்டும். பார்ப்பவரிடம் பதிவோ உள்நுழைவோ கேட்கக் கூடாது. கடைசி நிபந்தனையை எழுதியவர் நிச்சயம் எங்கோ ஒரு கல்லூரி இணையதளத்தில் கட்டணம் எவ்வளவு என்று தேடியிருக்க வேண்டும். கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் கட்டணம் தெரிகிறதோ இல்லையோ, பத்து நிமிடத்தில் அழைப்பு வருவது உறுதி. இந்த வழிகாட்டுதலைப் பின்பற்றாமலும், கேட்ட தகவலைத் தராமலும் இருந்ததாக 54 மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களின் பெயர்களை 2025-இல் யுஜிசி வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மட்டும் பத்து.

இப்போது யுஜிசியே போக இருக்கிறது. யுஜிசி, ஏஐசிடிஇ, ஆசிரியர் கல்விக்கான என்சிடிஇ ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரே ஆணையத்தை ஏற்படுத்தும் விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா 2025 டிசம்பர் 15-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஒழுங்காற்றுதல், தரச்சான்று, தர நிர்ணயம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மூன்று மன்றங்கள் அதில் உள்ளன. உரிய ஒப்புதலின்றிப் பல்கலைக்கழகம் தொடங்கினால் 2 கோடி ரூபாய் அளவுக்கு அபராதம் விதிக்க மசோதா வழிசெய்கிறது. 1956-இன் ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். மாநிலங்களின் உரிமை, நிதி அதிகாரம் ஆகியவை குறித்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய ஆட்சேபங்களே இதுவரை விவாதத்தின் மையமாக இருந்துள்ளன.

மாணவர் பார்வையில் படிக்க வேண்டிய பகுதி வேறு. ஆசிரியர், உள்கட்டமைப்பு, நிதி, படிப்புகள், கற்றல் விளைவுகள் குறித்து நிறுவனங்கள் பொது இணையதளத்தில் தாமே வெளியிடும் தகவல்களைப் புதிய முறை தனது அடித்தளமாகக் கொள்கிறது. வெளியிடுவது கட்டாயமாகிறது. வெளியிட்டதை ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை பேர், எந்த அலுவலகத்தில், ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கும் கல்வியாளர்களும் மாணவர் அமைப்புகளும் கேட்க இன்னும் வாய்ப்பிருக்கிறது.